இரு மொழிகளின் வழக்கு

பிரமபுத்திரா ஆற்றங்கரையிலே வாழும் மொழி ஒன்று. நடு ஆசியாவிலே, அமு, சிர் எனும் ஈராறுகள் பாயும் நாட்டிலே வாழும் மொழி மற்றொன்று. முன்னது அசாமியம், பின்னது உஸ்பெக். இரண்டுக்கும் இடையே இமயம் நிற்கிறது, பாமீர் நிற்கிறது. பிறந்த குடும்பமும் வேறு. அசாமியம் இந்தோ-ஆரியக் குடும்பத்தது; உஸ்பெக், துருக்கியக் குடும்பத்தது.

இவற்றை ஒப்பிடுவதால் பயன் என்ன? பயன் உண்டு, தோழர்களே! இரு மொழிகளும் ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டவை. 'இது மொழியன்று, கொச்சை. உயர்ந்தோர் அவைக்கு உதவாது' என்பதே குற்றச்சாட்டு. அதைச் சுமத்தியது இலக்கணமா, அதிகாரமா என்பதே நம் கேள்வி.

முதலில் இலக்கணத்தைச் சாட்சிக்கு அழைப்போம். 'என் நூல்களில்' என்பதை உஸ்பெக் மொழியில் 'கிதோப்லரிம்டா' என்பர். 'கிதோப்' நூல், 'லர்' பன்மை, 'இம்' என்னுடைய, 'டா' இல். ஒட்டுமேல் ஒட்டாக அடுக்கி ஒரே சொல்லாக்கிவிட்டனர். அசாமியர் 'மோர் கிதாப்போரோத்' என்பர். 'மோர்' தனித்து நிற்கிறது. பன்மையும் வேற்றுமையும் நூலோடு ஒட்டி நிற்கின்றன. நூலைக் குறிக்கும் சொல்லோ இரண்டிலும் ஒன்றே! அரபு மண்ணில் பிறந்து, பாரசீகத்தின் கைப்பிடித்து இரு திசைக்கும் நடந்த சொல் அது.

இன்னொன்று காண்பீர். உஸ்பெக் மொழியில் 'ஓதாம்' என் தந்தை. 'ஓதாங்' உன் தந்தை. 'ஓதாசி' அவன் தந்தை. அசாமியத்தில் 'தெவுதா' என் தந்தை. 'தெவுதார்' உன் தந்தை. 'தெவுதாக்' அவன் தந்தை. எந்தை, நுந்தை, தந்தை என்று வகுத்த தமிழறிந்தார்க்கு இந்த நுட்பத்தை விளக்கவும் வேண்டுமோ? குடும்பம் வேறு, நிலம் வேறு, ஆயினும் உறவை உரியவனோடு சேர்த்தே சொல்லும் வழக்கு ஒத்திருக்கிறது. இலக்கணத்தின் சாட்சியத்தில் குறை ஏதும் இல்லை. எனில், பழி எங்கிருந்து வந்தது?

ஈராத் நகரத்து அவையிலே பாரசீகம் கொலுவிருந்த காலம். துருக்கி மொழி போர்வீரன் பேச்சு, பாரசீகமே புலவன் பேச்சு என்று கருதினர். அங்கே அமைச்சராக இருந்தவர் அலிஷேர் நவாயி (1441–1501). பாரசீகத்திலும் கவி பாட வல்லவர். அறியாமல் பேசுகிறார் என்று எவரும் அவரைத் தள்ளிவிட முடியாது. 1499இல் அவர் ஒரு நூல் இயற்றினார். 'முஹாகமத்துல் லுகதைன்' என்பது அதன் பெயர். இரு மொழிகளின் வழக்கைத் தீர்த்தல் என்பது பொருள். பாரசீகத்தில் ஒற்றைச் சொல்லால் ஈடு சொல்ல இயலாதவை என 100 துருக்கி வினைச்சொற்களை வரிசைப்படுத்தினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் துருக்கியில் தனித்தனிச் சொல் இருக்க, பாரசீகத்தில் இருவருக்கும் ஒரு சொல்தானே என்று கேட்டார். வாளை உருவவில்லை, சொற்களை எடுத்து வைத்தார். அவர் எழுதிய அந்தச் சகதாய் மொழியையே இன்றைய உஸ்பெக் தன் இலக்கிய மூதாதையாகக் கொண்டாடுகிறது.

அதே சகதாயில் தன் வரலாற்றை எழுதியவர் பாபர். அவர் வழிவந்த மொகலாயரின் படை 1671இல் பிரமபுத்திராவில், சராய்காட் போரிலே, அகோம் படையிடம் தோற்றுத் திரும்பிற்று. 1228இல் அந்நாட்டுக்கு வந்த அகோமியர் தாய் இனத்து மொழி பேசியவர்கள். நாளடைவில் குடிமக்களின் அசாமியத்தைத் தமதாக்கிக் கொண்டார்கள். 'புரஞ்சி' எனும் வரலாற்று ஏடுகளை அம்மொழி உரைநடையில் எழுதுவித்தார்கள்.

மொகலாயரை வென்ற அந்நாட்டின் மொழியை வீழ்த்தியது எது? ஓர் ஆணை! 1826இல் யாண்டபோ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1836இல் வழக்குமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்கமொழி அமர்த்தப்பட்டது. அசாமியம் வங்கத்தின் சிதைந்த கிளை என்றார்கள். அசாமியச் சிறுவன் பாடத்தைப் பிறமொழியில் படித்தான். உழவன் தன் வழக்கின் தீர்ப்பைப் பிறமொழியில் கேட்டான்.

மறுப்பு எழுந்தது. சிவசாகரில் அமெரிக்கப் பாப்திஸ்துப் பாதிரிமார் 1846இல் 'அருணோதய்' எனும் இதழைத் தொடங்கினர். அவர்கள் வந்தது மதம் பரப்ப. ஆயினும் அச்சுப்பொறி மொழிக்கு உதவிற்று. 1855இல் ஆனந்தராம் தெகியால் புகன், முப்பது வயதை எட்டாத இளைஞர், அசாமியம் தனிமொழியே என்று சான்றுகளோடு சிறுநூல் எழுதினார். 1859இல் அவர் மறைந்தார். 1867இல் மைல்ஸ் பிரான்சன் அகராதி வெளியிட்டார். 1873இல் அசாமியம் தன் இடத்தை மீட்டது. முப்பத்தேழு ஆண்டுகள்! 2024இல் இந்திய அரசு அசாமியத்தையும் வங்கத்தையும் ஒரே நாளில் செம்மொழிகள் என்றது. அன்று கொச்சை, இன்று செம்மொழி. இடையிலே மாறியது இலக்கணமா?

உஸ்பெக் மொழியின் துன்பம் எழுத்திலே வந்தது. அரபு எழுத்து போய், 1929இல் இலத்தீன் வந்தது. 1940இல் அதுவும் போய், உருசியரின் சிரில்லிக் எழுத்து வந்தது. 1920இல் பள்ளிக்குச் சென்றவன், நடுவயது வருமுன் மும்முறை எழுத்தறிவு பெற வேண்டியிருந்தது. பாட்டன் எழுதியதைப் பேரன் படிக்க இயலவில்லை. மொழியை வளர்த்த பித்ரத், சொல்பான், காதிரி ஆகியோர் 1938 அக்டோபர் 4இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1989இல்தான் உஸ்பெக் ஆட்சிமொழியாயிற்று. 1993இல் மீண்டும் இலத்தீன் என்று சட்டம் வந்தது. ஆயினும் சிரில்லிக் மறைந்துவிடவில்லை.

இத்துடன் கதை முடிந்தால், வென்றவர்களை வாழ்த்திவிட்டுப் போகலாம். முடியவில்லையே! 1960இல் அசாமியத்தை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபோது, பராக் பள்ளத்தாக்கின் வங்கமொழி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1961 மே 19இல் சில்சாரில் துப்பாக்கி பேசிற்று. 11 பேர் மாண்டனர். மலைவாழ் மக்களும் அச்சட்டத்தை எதிர்த்தனர். 1972இல் மேகாலயா தனி மாநிலமாயிற்று. சமர்க்கந்திலும் புகாராவிலும் தாஜிக் பேசிய பலர், உஸ்பெக் இனத்தவர் என்றே கணக்கில் எழுதப்பட்டனர். நேற்றுக் கூண்டிலே நின்றது, இன்று நீதிபதி இருக்கையில் அமர்ந்தது!

பிறப்பால் உயர்ந்த மனிதன் இல்லை என்று அறிந்தோம். பிறப்பால் உயர்ந்த மொழியும் இல்லை. ஆணை ஏற்றி வைத்தால் உயர்மொழி. ஆணை இறக்கி வைத்தால் கொச்சை. ஆகவே, தன் மொழிக்கு உரிமை கேட்டு எழுபவன் அடுத்தவன் மொழியின் உரிமைக்கும் காவல் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்காதவன் கேட்டது உரிமையன்று; ஆதிக்கத்தில் தனக்கும் ஒரு பங்கு!