நெருப்பெரிச்சலில் நெஞ்செரிச்சல்

எங்க ஊர் பேரு நெருப்பெரிச்சல். பனியன் கம்பெனியில ஒன்றரை ஷிப்ட், காலைச் சாப்பாட்டுக்குப் பதிலா டீ, வடை. நெஞ்செரிச்சல் வராம என்ன செய்யும்? ஓவர்லாக் டெய்லரான பெரியப்பா பையன் ஆறு வருஷமா தினமும் பான்டோபிரசோல் போடறார். "விட்டுப் பாத்தேன்டா, மூணாம் நாளே எரியுது. அப்ப மாத்திரை வேணும்னுதானே அர்த்தம்?" என்றார். அதிலிருந்துதான் இந்த மாத்திரைகளின் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன்.

1976-ல் பிரிட்டனில் சிமெட்டிடின் விற்பனைக்கு வந்தது. அதுவரை குடல்புண் முற்றினால் கத்திதான். ஜேம்ஸ் பிளாக் குழுவின் இந்த மருந்து அதை மாற்றியது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கியது, வேறு மருந்துகளோடு மோதியது.

1981-ல் ரானிடிடின் வந்தது. நம்ம ஊர்ல ரான்டாக், ஜினிடாக். 'இதில் அந்தத் தொல்லை குறைவு' என்பதே அதன் பலம். 2019-ல் அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் கண்டறியப்பட்டது. சூட்டில் வைத்தால் அது கூடுகிறது என்று அமெரிக்கா 2020-ல் திரும்பப் பெறச் சொன்னது. இந்தியா 2022-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது, தடை செய்யவில்லை.

1988-ல் ஒமெப்ரசோல், பிறகு பான்டோபிரசோல். இவை அமிலம் சுரக்கும் பம்பையே அடைப்பவை. எச்சரிக்கைகள் மெதுவாகத்தான் வந்தன. அமெரிக்காவில் 2010-ல் எலும்பு முறிவு, 2011-ல் மக்னீசியக் குறைவு. 2019-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சிறுநீரகப் பாதிப்பையும் குறிப்பிடச் சொன்னது. உணவிலிருந்து பி12-ஐப் பிரிக்க அமிலம் வேண்டும் என்பதால் அதுவும் குறையலாம்.

அண்ணனின் கேள்விக்குப் பதில் 2009-ல் வந்த ஒரு டென்மார்க் ஆய்வில் கிடைத்தது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நிறுத்திய பிறகு முதல் குழுவில் 44% பேருக்கு அமிலத் தொல்லை, இரண்டாவதில் 15% பேருக்கு. அமிலம் குறைந்தால் உடல் காஸ்ட்ரினைக் கூட்டுகிறது. மாத்திரை நின்றதும் அமிலம் முன்னைவிடப் பொங்குகிறது. மூணாம் நாள் எரிவது பழைய நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாத்திரை விட்டதன் எதிர்வினையாகவும் இருக்கலாம்.

அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து. அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பி12 பார்த்துவிட்டு, அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். இத்தனை வருஷம் கடைக்காரரைத் தவிர யாரும் அவரிடம், "எத்தனை நாளா போடறீங்க?" என்று கேட்டதே இல்லை. கடைக்காரரும் அட்டை எத்தனை வேணும் என்றுதான் கேட்டிருக்கிறார்.