மாட்டு வண்டி போன வழி

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனவர்களுக்கு கர்ஜத் ஸ்டேஷனை மறக்க முடியாது. வண்டி நின்றதும் வடா பாவ் கூடைகள் ஜன்னலுக்கு வந்துவிடும். நாம் மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடுகிற நேரத்தில், ரயிலின் பின்னால் ஒரு வேலை நடக்கும். கூடுதல் இன்ஜின்களைக் கொண்டுவந்து கோர்ப்பார்கள். முன்னால் இருக்கிற இன்ஜின் இழுக்க, இவை பின்னாலிருந்து தள்ளினால்தான் லோனாவ்லாவுக்கு ஏற முடியும். போர் காட் ஏற்றம் அப்படி.

பல வருடம் நான் வடா பாவை மட்டும்தான் கவனித்தேன். பின்னால் தள்ளுகிற இன்ஜினைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு சைக்கிள்.

புனேவுக்கு வந்த புதிதில் மூத்த சக ஊழியர்கள் எல்லோரும் சொன்ன வாசகம், "ஒரு காலத்தில் இது சைக்கிள் ஊர்". அந்தக் காலம் போய்விட்டது. ஊருக்குள் ஓட்ட இடமில்லை. ஆனால் இருபது கிலோமீட்டர் மேற்கே போனால் சஹ்யாத்ரி மலை ஆரம்பிக்கிறது. அணைகள், நெல் வயல்கள், மழை முடிந்ததும் பச்சைப் போர்வை. ஞாயிற்றுக்கிழமை ஆணி பிடுங்கும் வேலை இல்லாதபோது நானும் பையனும் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அவனுக்கு அப்போது பதினாலு வயசு. எனக்கு வயிறு.

வழி கண்டுபிடிப்பது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும் மெல்லிய வெள்ளைக் கோட்டைப் பிடிப்பேன். வண்டி குறைவு, தூரமும் குறைவு, படத்தில் அழகோ அழகு. அப்படிப் பிடித்த ஒரு கோடுதான் எங்களைக் கவிழ்த்தது.

அது ஊர்ச் சாலையே இல்லை. மலைமேல் மனை போட்டு விற்பதற்காக யாரோ ஜேசிபி வைத்து நேராக மேலே இழுத்த பாதை. பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டே ஏறினோம். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஹா பைலாச்சா ரஸ்தா நாஹீ" என்றார். இது மாட்டுப் பாதை இல்லை என்று அர்த்தம். நான் "டீக் ஆஹே காகா" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினேன். சைக்கிளில் போகிறவனுக்கு மாடு எதற்கு என்று நினைப்பு.

இறக்கத்தில் தெரிந்தது. அந்தச் சரிவில் பிரேக்கை விடவே முடியவில்லை. மூன்றாவது வளைவில் கிடந்த சரளையில் பையனின் முன்சக்கரம் வழுக்கியது. நான் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவனுக்கு இரண்டடி தள்ளி விளிம்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. முழங்கை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. தங்கமணி கத்தவில்லை. "வழியை யார் பார்த்தது?" என்று மட்டும் கேட்டாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

அந்த ஆறு வாரமும் எனக்குள் ஓடியது பெரியவரின் வாக்கியம்தான். அது என்ன மாட்டுப் பாதை?

கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரி. ஆளும் சைக்கிளுமாக 87 கிலோ என்று வையுங்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில், 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 120 வாட் வேண்டும். ஓரளவு பழகிய ஆள் இதைச் சமாளித்துவிடலாம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் 240 வாட். என்னைப் போன்ற ஆபீஸ் உடம்பு கொஞ்ச நேரத்தில் இறங்கித் தள்ளும். பாரம் இழுக்கிற மாட்டுக்கும் இதே பிரச்னைதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். லாரிக்கோ கியரை மாற்றினால் போதும். ஆகவே மோட்டாருக்கென்று போட்ட சாலை எவ்வளவு செங்குத்தாகவும் இருக்கலாம். மாட்டுக்குப் போட்ட சாலை அப்படி இருக்க முடியாது. சைக்கிள்காரன் தேட வேண்டியது மாட்டுச் சாலையை.

இந்தக் கண்ணோடு சஹ்யாத்ரியைப் பார்த்தால் அதன் வரலாறு சரிவுகளின் வரலாறாகவே தெரிகிறது.

முதலில் கால்நடைக் காலம். ஜுன்னர் பக்கத்தில் நாணேகாட் என்ற கணவாய் இருக்கிறது. கொங்கண் துறைமுகங்களில் இறங்கிய சரக்கு தக்காணத்துக்கு ஏறிய வழி. சாதவாகன ராணி நாகநிகாவின் பிராமிக் கல்வெட்டு அங்கே குகைச் சுவரில் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. இந்தியாவில் எண்கள் எழுதப்பட்ட மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. மேலே ஒரு பெரிய கல் ஜாடி. சுங்கக் காசு போட்ட ஜாடி என்கிறார்கள். டோல்கேட்டுக்கு நாம்தான் புதுசு என்று நினைக்க வேண்டாம்! ஆனால் அது கல் பாவிய படிப் பாதை. பொதி மாடும் மனிதனும் ஏறலாம், சக்கரம் ஏறாது. பின்னாளில் வஞ்சாரிகள் உப்பையும் தானியத்தையும் பொதி மாடுகளில் ஏற்றி இறக்கியதும் இந்த மாதிரிக் கணவாய்களில்தான். சைக்கிள்காரனுக்கு இவை வேடிக்கை பார்க்க மட்டும்.

சக்கரம் ஏறும் காலம் 1830-ல் வந்தது. பம்பாய் கவர்னராக இருந்த சர் ஜான் மால்கம் காலத்தில், கண்டாலாவுக்கு ஏறும் போர் காட்டில் வண்டிச் சாலை திறக்கப்பட்டது. கொங்கணிலிருந்து ஒரு வண்டி பாரத்தோடு தக்காணத்துக்கு நேராக ஏறிவர முடிந்தது பெரிய மாற்றம். புனேவின் பருத்தியும் பம்பாயின் உப்பும் அதன்பிறகு சக்கரத்தில் போயின. அந்தச் சாலையின் பழைய பாலம் ஒன்று நம் ஆட்களுக்குப் பழக்கமான பேரோடு ரொம்ப நாள் இருந்தது. அம்ருதாஞ்சன் பாலம். அந்தத் தைல விளம்பரப் பலகை அங்கே இருந்ததால் வந்த பெயர். நாமெல்லாம் அதை மயிலாப்பூர்ச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். 1893-ல் பம்பாயில் பிறந்து 1914-ல்தான் மதராசுக்குக் குடிவந்தது அம்ருதாஞ்சன். நம்மை மாதிரியே, எதிர்த்திசையில். பாலத்தை 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை காலியாக இருந்தபோது வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மூன்றாவது ரயில். 1856-ல் தொடங்கி 1863-ல் முடிந்தது. 25 சுரங்கங்கள். ஏறவேண்டிய உயரம் 558 மீட்டர், தூரம் சுமார் 25 கிலோமீட்டர். மிக மோசமான இடத்திலும் 37 அடிக்கு ஒரு அடிதான் சரிவு. சைக்கிளுக்கு அது சுகமான ஏற்றம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் ரயிலுக்கு அதுவே கர்ஜத்தில் இன்ஜின் கோர்க்கும் ஏற்றம். நீலகிரி ரயில் 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிறதே என்றால், அதற்குப் பல்சக்கரம் இருக்கிறது. போர் காட்டில் ஒரு கட்டத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலியாட்கள் வேலை செய்தார்கள். காலராவிலும் விபத்திலும் மாண்டவர்கள் ஏராளம். 1859-ல் ஒப்பந்தக்காரர் சாலமன் ட்ரெட்வெல் வந்து இறங்கிய சில வாரங்களிலேயே இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து, இன்ஜினியர்களை வைத்து முடித்துக்கொடுத்தார். அவர் பெயராவது தெரிகிறது. கூலியாட்களின் பெயர் தெரியாது.

ஒரு பெயர் மட்டும் தப்பியது. ஷிங்ரோபா.

பழைய மும்பை–புனே சாலையில், கோபோலிக்கு மேலே காட்டின் நடுவில் அவர் கோயில் இருக்கிறது. கதை இதுதான். வெள்ளைக்கார இன்ஜினியர்கள் கருவிகளோடு மலையில் வழி கிடைக்காமல் அலைந்தார்கள். தங்கர் சாதி ஆட்டிடையர் ஷிங்ரோபா தன் மந்தை ஏறும் வழியைக் காட்டினார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டதற்கு "எங்கள் நாட்டை விட்டுப் போங்கள்" என்றாராம். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் காட்டியது சாலைக்கான வழி என்பார்கள் சிலர், ரயிலுக்கான வழி என்பார்கள் சிலர். கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. மலையில் வழியை முதலில் கண்டுபிடிப்பது இன்ஜினியர் இல்லை, தினமும் ஏறி இறங்குகிறவன். அதைப் படித்த இரவு, நான் சிரித்துவிட்டுக் கடந்துபோன ஆட்டுக்காரப் பெரியவர் ஞாபகத்துக்கு வந்தார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அதற்காக வரைபடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நாட்டை அளக்கும் வேலை நம்ம பரங்கிமலைப் பக்கத்தில்தான் தொடங்கியது. 1802-ல் வில்லியம் லாம்டன் அங்கே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்க 57 நாள் ஆனது. வடக்கே அளந்துகொண்டே வந்தவர், 1823-ல் இந்த மகாராஷ்டிரத்தின் ஹிங்கண்காட்டில் இறந்தார். அந்தப் பரம்பரையில் வந்த சர்வே ஆஃப் இந்தியா தாள்கள் நெடுங்காலம் எளிதில் கையில் கிடைக்காது. 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. 2017 முதல் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள முடிந்தது. புனே 47 எஃப் தொகுதியில் வரும்.

செயற்கைக்கோள் படத்தில் இல்லாத ஒன்று இந்தத் தாளில் உண்டு: சம உயரக் கோடுகள். மலைப் பகுதியில் 20 மீட்டருக்கு ஒரு கோடு. சாலை இந்தக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். கோட்டோடு ஒட்டி நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாண்டினால் அது மாட்டுச் சாலை. கம்ப்யூட்டர் போட்டுத்தரும் ஏற்ற வரைபடத்தை இங்கே முழுசாக நம்பாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு மூலம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினோரு நாளில் எடுத்த உயர அளவுகள். பல வருடம் நமக்குக் கிடைத்தது 90 மீட்டருக்கு ஒரு கட்டம். சஹ்யாத்ரியில் ஒரே கட்டத்துக்குள் சாலையும் இருக்கும், அதன் கீழுள்ள பள்ளமும் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரு எண் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆக, இப்போது என் முறை இது. தாளில் கோடு பார்ப்பேன். பழைய சாலையா என்று கெஜட்டியரில் தேடுவேன். அந்த வழியில் சிவப்பு எஸ்டி பஸ் போகிறதா என்று கேட்பேன். பாரத்தோடு பஸ் தினமும் ஏறுகிறது என்றால் வளைவுகள் மனிதத்தனமாக இருக்கும். கடைசியாக, கிளம்புகிற ஊரின் டீக்கடையில் வயசானவர் ஒருவரிடம் ஒரே கேள்வி. "காகா, இந்த வழியில் மாட்டு வண்டி போகுமா?" சிலர் சிரிப்பார்கள். எல்லோரும் பதில் சொல்வார்கள்.

நல்ல வழிகளிலும் ஒரு முள் உண்டு. முள்ஷி ஏரிக்கரைச் சாலை எனக்கு மிகப் பிடித்தது. நீரை ஒட்டி வளைந்து வளைந்து, பெரிய ஏற்றமில்லாமல் போகும். ஏன் அவ்வளவு சமம்? அணை நீரின் விளிம்பே ஒரு சம உயரக் கோடுதானே. அந்த நீருக்கடியில் மாவள் விவசாயிகளின் ஊர்கள் இருக்கின்றன. மும்பைக்கு மின்சாரம் கொடுக்க டாட்டா கம்பெனி இந்த அணையைக் கட்டத் தொடங்கியபோது, 1921-ல் சேனாபதி பாபட் தலைமையில் விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தார்கள். தோற்றார்கள். மேட்டூரில் தண்ணீர் வற்றும்போது நந்தியும் கோபுரமும் தலைகாட்டும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். முள்ஷிக் கரையில் மிதிக்கும்போது அதுதான் நினைவுக்கு வரும்.

போன டிசம்பரில் பையன் கேட்டான், "அப்பா, போர் காட் போலாமா?" மும்பை–புனே சைக்கிள் பந்தயத்தில் இந்த ஏற்றத்தை முதலில் முடிப்பவனுக்கு 'காட்டின் ராஜா' பட்டம் உண்டு. அவனுக்கு அதில் ஆசை, எனக்கு அந்தக் கோயிலைப் பார்க்க ஆசை. தங்கமணியிடம் தாளை விரித்து ஒவ்வொரு வளைவையும் காட்டித்தான் அனுமதி வாங்கினேன். கோயிலுக்கு மேலே பழைய சாலை விரைவுச் சாலையோடு சேர்ந்து லாரிக் கூட்டத்தில் ஓடும். அதனால் கோயிலோடு திரும்புவது என்று ஒப்பந்தம்.

விடியற்காலை கோபோலியில் கிளம்பினோம். சும்மா சொல்லக்கூடாது, சில வளைவுகள் உயிரை வாங்கின. பையன் முன்னால் போய்விட்டான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நான் வருகிறேனா என்று பார்த்துவிட்டுப் போனான். நான் கோயிலை அடைந்தபோது ஷிங்ரோபா முன்னால் உட்கார்ந்திருந்தான். அந்த வழியாக ஏறிய ஒரு டெம்போ டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாக ஒரு காசை வீசிவிட்டுப் போனார்.

தூரத்தில் எங்கோ ரயில் ஏறும் சத்தம் கேட்டது. பின்னால் தள்ளுகிற இன்ஜினும் அதில் இருந்திருக்கும்.

பையன் என்னிடம் கையை நீட்டினான். பையிலிருந்த சில்லறையைக் கொடுத்தேன். முழங்கை மடங்க, குனிந்து வைத்தான். இறக்கத்தில் நான் முன்னால் போனேன்.