கரண்ட் போச்சு... அடுப்பு எப்படி எரியும்? மழைக்கால சமையலில் உஷார்: மூடிய வீட்டுக்குள் கரி அடுப்பு உயிரைப் பறிக்கும்!

சென்னை,

வடகிழக்கு பருவமழை சீசன் வந்து வானம் கறுத்தாலே போதும். சென்னைவாசிகளுக்கு வயிற்றில் புளி கரைக்க ஆரம்பித்து விடும். முதலில் கரண்ட் போகும். அப்புறம் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. மிக்சி, கிரைண்டர் சும்மா கிடக்கும். பிரிட்ஜில் வைத்த மாவு புளித்துப் பொங்கும். பிள்ளைகள் மட்டும் நேரத்துக்கு "பசிக்குது" என்று வந்து நிற்கும்.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னையை புரட்டிப் போட்டபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மக்கள் பட்ட பாடு சொல்லி மாளாது.

இந்த மாதிரி நேரத்தில் பசியால் வரும் ஆபத்தை விட, அவசரத்தில் பற்ற வைக்கும் அடுப்பால் வரும் ஆபத்துதான் பெரிது. கியாஸ் தீர்ந்து போச்சே என்று வீட்டுக்குள் கரியைக் கொளுத்துவது, மண்எண்ணெய் இல்லையே என்று ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றுவது எல்லாம் உயிருக்கே உலை வைத்து விடும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? அது பற்றிய விவரம் வருமாறு:-

கண்ணுக்குத் தெரியாத எமன்

கரி, விறகு, வறட்டி, மண்எண்ணெய் என எது எரிந்தாலும், காற்று போதாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். இதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண்ணும் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போய்விடும்.

பலர் செய்யும் தப்பு என்ன தெரியுமா? "புகை அடங்கிடுச்சு, இனிமே பயம் இல்ல" என்று நினைத்து கரி அடுப்பை உள்ளே தூக்கி வைப்பதுதான். உண்மையில் புகை இல்லாமல் கனகனவென்று சிவந்து கிடக்கும் தணல்தான் இந்த வாயுவை அதிகமாக கக்கும். மழை சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலையும் சாத்தி விட்டால் அவ்வளவுதான்.

முதலில் தலைவலி, தலைசுற்றல். அப்புறம் குமட்டல், வாந்தி, கை கால் சோர்வு. பித்தம் என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்து படுத்து விடுவார்கள். தூக்கத்திலேயே மயக்கம் வந்து உயிர் போய்விடும். வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

அப்படி நடந்தால் கதவு, ஜன்னலை திறந்து எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பதுதான் முக்கிய சிகிச்சை. கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை இதற்கு நம்ப வேண்டாம். விஷவாயு ஏறியிருந்தாலும் அது 98, 99 என்று நல்ல அளவாகவே காட்டும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு

சென்னையில் குளிர் காய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மலைப்பகுதியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும். கரண்ட் இல்லாவிட்டால் ரூம் ஹீட்டரும் வேலை செய்யாது. அப்போது கணப்பு சட்டியில் கரியைப் போட்டு, அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது வழக்கம். காலையில் கதவைத் தட்டினால் பதில் இருக்காது. இப்படிப்பட்ட சோக செய்திகள் மலையில் இருந்து பலமுறை வந்துள்ளன. கறி சுட்டு சாப்பிட்டு விட்டு, அந்த கரி அடுப்பை குளிருக்கு ரூமுக்குள் கொண்டு போவதும் இதே கதைதான்.

குளிருக்கு கம்பளி, சாக்ஸ், குல்லாய், எல்லோரும் ஒரே அறையில் படுப்பது, சூடான கஞ்சி, மூடி இறுக்கிய பாட்டிலில் வெந்நீர் நிரப்பி துணி சுற்றி போர்வைக்குள் வைப்பது போதும். கணப்பு மூட்டினால் வெளியில் குளிர் காய்ந்து விட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே தூங்கப் போக வேண்டும்.

பாத்ரூமுக்குள் கியாஸ் கெய்சர் வைத்திருப்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் அது எரியும். எக்சாஸ்ட் பேன் மட்டும் ஓடாது. வாளியில் பிடித்துக்கொண்டு, கெய்சரை அணைத்து விட்டு, அப்புறம் குளியுங்கள்.

கியாஸ் அடுப்புதான் கைகொடுக்கும்

கரண்ட் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் சமைக்க இருப்பதில் நல்லது கியாஸ் அடுப்புதான். அதற்கும் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கழுவி காய வைத்து மாட்டுங்கள்.

மழை சீசனுக்கு முன்பே இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சிலிண்டர் வைத்திருப்பவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் 5 கிலோ குட்டி சிலிண்டர் பற்றி ஏஜென்சியில் கேட்கலாம். அடையாள அட்டை இருந்தால் போதும். கியாஸ் டியூப்புக்கு ஆயுள் 5 ஆண்டு. தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும்.

கியாஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலை திறங்கள். சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். எனவே தரையில் வைத்த மெழுகுவர்த்தி, விளக்கு ரொம்ப ஆபத்து. எங்கே கசிகிறது என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. சோப்பு தண்ணீர் தடவினால் முட்டை விடும், தெரிந்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். கரண்ட் தான் இல்லையே என்று அலட்சியமாக இருக்காதீங்க. கியாஸ் கசிந்து கிடக்கும்போது திடீரென கரண்ட் வந்தால், பிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்கும். அந்த ஒரு பொறி போதும். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அதை அணைத்து விட்டு 1906-க்கு போன் செய்யுங்கள்.

வெள்ளத்தில் மிதக்கும் சிலிண்டர்

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் சிலிண்டர் மிதக்கும். காலி சிலிண்டர் மட்டும் அல்ல, நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். மிதந்து சாயும்போது டியூப்பை பிடுங்கி விடும். எனவே தண்ணீர் வாசல்படியை தொடும் முன்பே ரெகுலேட்டரை கழற்றி, வெள்ளை மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி ஜன்னல் கம்பியில் கட்டி வையுங்கள். தண்ணீரில் மூழ்கிய ரெகுலேட்டர், டியூப்பை அப்படியே மாட்டி பற்ற வைக்காதீர்கள். மெக்கானிக்கை கூப்பிட்டு காட்டுங்கள்.

மண்எண்ணெய் ஸ்டவ், விறகு அடுப்பு

பரண் மேல் கிடக்கும் பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ்வை இறக்கினால் முதலில் பின், வாஷர், திரியை பாருங்கள். எரியும்போதோ, சூடாக இருக்கும்போதோ எண்ணெய் ஊற்றக்கூடாது. மண்எண்ணெயில் பெட்ரோல், தின்னர் கலந்தால் ஸ்டவ் வெடிகுண்டு ஆகிவிடும். சமைக்கும்போது பருத்தி சேலை கட்டுங்கள். நைலக்ஸ், பாலியஸ்டர், தொங்கும் துப்பட்டா வேண்டாம்.

விறகு, கரி அடுப்பு என்றால் வெளியில்தான். வாசல், மொட்டை மாடி, ஒரு பக்கம் முழுவதும் திறந்த வராண்டா ஓகே. ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் மாடிப்படி ஓரம், உள் நடைபாதையில் மூட்டாதீர்கள். புகை மேல் வீட்டுக்குப் போகும். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடும் வழியும் அதுதான்.

இன்வெர்ட்டரில் இன்டக்சன் ஓடுமா?

ஓடாது. இன்டக்சன் அடுப்புக்கு 1500 முதல் 2000 வாட்ஸ் வரை வேண்டும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 600, 700 வாட்ஸ் தான் தாங்கும். விளக்கு, பேன், செல்போன் சார்ஜ் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் வைத்தால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டு தள்ளி வையுங்கள். அதன் புகையிலும் அதே விஷவாயுதான். ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் நேராக சொருகுவது, கம்பத்தில் ஏறி நமக்காக வேலை பார்க்கும் லைன்மேன் உயிரை எடுத்துவிடும்.

என்ன சமைக்கலாம்?

2011-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் தொடங்கியது. அதன்பிறகு அம்மியும் ஆட்டுக்கல்லும் பல வீடுகளில் மூலைக்குப் போய்விட்டன. அதனால் கரண்ட் போனால் சட்னி கூட அரைக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததுமே பருப்பு பொடி, இட்லி பொடி, சாம்பார் பொடி அரைத்து வையுங்கள். புளிக்காய்ச்சல், தக்காளி தொக்கு செய்து வைத்தால் மூன்று நாள் ஓட்டி விடலாம். ஒரு சின்ன இடிகல் இருந்தால் இஞ்சி, பூண்டு கவலை விட்டது.

முதல் நாள் பிரிட்ஜில் இருக்கும் மீன், கறி, பாலை தீர்த்து விடுங்கள். திறக்காமல் வைத்தால் பிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிர்ச்சி தாங்கும். புளித்த மாவை ஊத்தப்பம், பணியாரமாக ஊற்றி விடலாம். அடுத்த நாள் ரவை, சேமியா, அவல் உப்புமா. அப்புறம் பருப்பு கஞ்சி, எலுமிச்சை சாதம்.

கியாசை மிச்சம் பிடிக்க வழி இருக்கு. அரிசியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். குக்கரில் ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து இறக்கி, திறக்காமல் பழைய கம்பளியில் சுற்றி 20 நிமிடம் வையுங்கள். உள் சூட்டிலேயே சாதம் வெந்துவிடும்.

ஆக்கிய குழம்பு, பொரியலை 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு விடுவது நல்லது. குடிக்கும் தண்ணீரை தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். வெள்ளத் தண்ணீரை கொதிக்க வைத்தாலும் குடிக்கக்கூடாது. அதில் டீசல், ரசாயனம் கலந்திருக்கும். கைக்குழந்தைக்கு பால் பவுடர் என்றால் அப்போதைக்கு அப்போது கலக்குங்கள். மிச்சத்தை கொட்டி விடுங்கள்.

கரண்ட் வந்ததும் கவனம்

ஹீட்டர் ராடை வாளியில் போட்டிருப்பீர்கள், கரண்ட் போயிருக்கும். அதை மறந்து விட்டு வெளியே போனால், கரண்ட் வந்ததும் தண்ணீர் வற்றி வாளி உருகி தீப்பிடிக்கும். தெரியாமல் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும். கரண்ட் போன உடனே ராடு, அயர்ன் பாக்ஸ், இன்டக்சன் பிளக்குகளை பிடுங்கி விடுங்கள். தண்ணீர் புகுந்த வீட்டில் எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினை போடக்கூடாது.

தீக்காயம் பட்டால்

எண்ணெய் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடுங்கள். உடம்பில் பட்டால் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108-ஐ கூப்பிடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கு என்றே தனி பிரிவு உள்ளது.

கத்தரித்து வைக்க வேண்டிய நம்பர்கள்

* கியாஸ் கசிவு: 1906
* தீயணைப்பு: 101
* ஆம்புலன்ஸ்: 108
* போலீஸ் மற்றும் எல்லா அவசரத்துக்கும்: 112
* மின்தடை புகார், மின்னகம்: 94987 94987
* மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070, மாவட்டத்துக்கு: 1077

செல்போன் சார்ஜ் தீர்ந்தால் நம்பர் ஞாபகம் வராது. ஒரு பேப்பரில் எழுதி சமையலறை கதவில் ஒட்டி வையுங்கள்.

கரண்ட் இன்று இல்லாவிட்டால் நாளை வந்துவிடும். ஒருவேளை அவலை நனைத்து, வெல்லம் போட்டு சாப்பிட்டால் ஒன்றும் குறைந்து விடாது. கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீங்க!