விருப்பத்தேர்வும் மொழியும்: பழைய கணினி முறைமைகளில் தமிழ் பெற்ற இடம்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் அமைந்த எழுவான்கரை, படுவான்கரை ஊர்களின் பழைய வரலாறு ஏட்டுச்சுவடிகள் வழியாகவே இன்றைய தலைமுறையை வந்தடைந்தது. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தையும், வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையையும் அச்சேற்றினர். ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவாய்த் தோன்றும். எதைப் புதிய வடிவுக்கு மாற்றுவது, எதை உள்ளவாறே விடுவது என்று பதிப்பாசிரியர் ஒவ்வோர் இடத்திலும் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. வரிவடிவம் மாறும்போது பொருளும் மாறக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே வினா கணினித் திரையில் மீண்டும் எழுந்தது. பணிசெயல் முறைமை எனவும் இயங்குதளம் எனவும் வழங்கும் அடிப்படை மென்பொருளில், பயன்படுத்துவோர் விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளக்கூடிய இடைமுக மாற்றங்கள் சில வெளிவந்தன. அவற்றை ஏற்பதா, விடுப்பதா என்னும் தெரிவு வெறும் வசதி பற்றியதன்று என்பதைத் தமிழின் அனுபவம் காட்டுகின்றது.

1995 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் 95 இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது. 1997இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4.0ஐ வெளியிட்டபோது, திரை முகப்பை மாற்றியமைக்கும் ஒரு கூறினையும் அதனோடு அளித்தது. அதனை நிறுவுவதும் நிறுவாது விடுவதும் பயனர் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஏற்றோருக்கு விரைவாகத் திறக்கும் சிறு படக்குறிகள் அடிப்பட்டையில் தோன்றின. கோப்புறைகள் இணையப்பக்கம் போன்று காட்சியளித்தன. நினைவகம் குறைந்த கணினிகளுக்கோ அது சுமையாயிற்று. மறு ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 98இல் அக்கூறு முறைமையுடன் பிணைக்கப்பட்டே வந்தது. உலாவியை முறைமையோடு பிணைத்தமை 1998 மே மாதம் அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கின் மையப் பொருள்களுள் ஒன்றாகும். விருப்பத்தேர்வாய் வந்தது ஓராண்டுக்குள் விலக்கவியலாத உறுப்பாயிற்று. 1999இல் வந்த 5.0ஆம் பதிப்பில் அத்திரைமுகப்புக் கூறு சேர்க்கப்படவில்லை. விண்டோஸ் 95இல் அதனை வேண்டியோர் பழைய 4.0ஐ முதலில் நிறுவவேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இவையெல்லாம் அலங்காரம் பற்றிய தெரிவுகளே. எதனைத் தெரிந்தாலும் அவர்தம் எழுத்துகள் திரையில் எழுத்தாகவே நின்றன. தமிழின் நிலை அதுவன்று. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் தமிழுக்கெனத் தனிக் குறியீடு செயற்படாமையால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே வழக்கில் இருந்தன. இலங்கைத் தமிழ்ப் பதிப்புலகில் பரவலாக வழங்கிய பாமினி அத்தகையது. பாமினியில் ‘தமிழ்’ என்று அமைக்கப்பட்ட சொல், கணினியின் நினைவில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகின்றது. எழுத்துரு உள்ளவிடத்துத் தமிழாகவும், இல்லாதவிடத்துப் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகவும் அது தோன்றும். ரகர மெய்யைக் காலும் புள்ளியும் சேர்த்துத் தட்டும் வழக்கமும் பாமினியில் எழுதுவோரிடையே உண்டு. ஏட்டில் நிகழ்ந்த ரகர, கால் மயக்கம் இவ்வாறு கணினியுள்ளும் புகுந்தது எனலாம்.

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறியீடாகிய யுனிகோட்டின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. ஆயினும் எழுத்துகளைச் சேர்த்து உயிர்மெய் வடிவமாக்கிக் காட்டும் திறன் முறைமைக்கு வேண்டியிருந்தது. 2000 பெப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000 அத்திறனோடு லதா என்னும் தமிழ் எழுத்துருவையும் கொண்டிருந்தது. 2001 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பீயின் ஆங்கிலப் பதிப்பிலும் அத்திறன் இருந்தது. ஆனால் தானாக இயங்கவில்லை. பிரதேச, மொழி அமைப்புப் பகுதியினுட் சென்று ஒரு சிறு கட்டத்தில் அடையாளமிட்டு, நிறுவல் வட்டை உட்செலுத்திய பின்னரே தமிழ் செவ்வனே தோன்றியது. அதற்கு 10 மெகாபைட்டோ அதற்கு மேலோ இடம் வேண்டுமென முறைமை அறிவித்தது. முழு முறைமைக்கு வேண்டிய குறைந்த இடமோ 1.5 கிகாபைட்டு. நூற்றில் ஒரு பங்கினும் குறைந்த இந்த இடமே விருப்பத்தேர்வெனத் தனித்து வைக்கப்பட்டது. 2007இல் பரவலாக விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேதான் அக்கூறு கேளாமலே அமைந்தது.

இலங்கையில் இந்நிலைக்கு ஓர் ஒப்புமை உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. அந்த ‘உம்’ பின்னர் ஒட்டப்பட்ட இடைச்சொல். சட்டத்தில் ஏறிய உரிமை அலுவலகத்துத் தட்டச்சுப்பொறியிலும் கணினியிலும் ஏறினாலன்றி நடைமுறையாகாது. அடையாளமிடப்படாத அச்சிறு கட்டத்துக்குப் பின்னே, தமிழ்க் கடிதம் தமிழாகத் திறக்குமா என்னும் வினா மறைந்து கிடந்தது.

எக்ஸ்பீக்கு மற்றுமோர் இணைப்பும் வந்தது. பட்டிகளையும் கட்டளைகளையும் தமிழிற் காட்டும் மொழி இடைமுகத் தொகுதி அது. இதன் பயன் சொற்களின் தெளிவைச் சார்ந்தது. வாவிப் பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர் (1892–1947), 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். துறையறிஞரும் தமிழறிஞரும் ஒருங்கமர்ந்து சொல் ஆக்கவேண்டும் என்னும் நெறி அம்முயற்சியிற் புலப்பட்டது. ஒரே கருவியை இலங்கையில் பணிசெயல் முறைமை என்றும் தமிழகத்தில் இயங்குதளம் என்றும் வழங்குகையில், இடைமுகத்தை மொழிபெயர்ப்போர்க்கு அந்நெறி இன்றும் வேண்டப்படுகின்றது. சொல் விளங்காவிடின் தமிழ் இடைமுகத்தை விடுத்து ஆங்கிலத்துக்கே பயனர் திரும்புவர். அவ்விடத்துத் தெரிவு மொழிக்கு எதிராகவே முடியும்.

இனி, பழைய முறைமையொன்றைப் பேணுவோர் எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது? அலங்காரக் கூறும் எழுத்துக்கூறும் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே தன்மையின அல்ல என்பதே இவ்வரலாறு தரும் விடை. பாமினியில் அமைந்த பழைய கோப்புகளைத் திறப்பதற்கென வைத்த விண்டோஸ் 98 கணினியில் திரை அழகுக்கான இணைப்புகளை மேலும் ஏற்றுவதாற் பயனில்லை. கோப்போடு அதற்குரிய எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாத்தலே முதற்பணி. எக்ஸ்பீயிலோ சிக்கலான எழுத்துகளுக்குரிய கட்டத்தில் அடையாளமிடுதல் தவிர்க்கவொண்ணாதது. தமிழ்ப் பட்டிகள் பயனர் விருப்பத்துக்குரியவை. பாமினிக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றும்போது மூலத்தை அழிக்காமல் வைத்து, ரகர மெய்யும் காலும் வருமிடங்களை ஒப்புநோக்க வேண்டும். 98க்கான ஆதரவு 2006 யூலையிலும் எக்ஸ்பீக்கான ஆதரவு 2014 ஏப்பிரலிலும் முடிவுற்றமையால், அக்கணினிகளை இணையத்தோடு இணையாது வைத்தலே தக்கது.

இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி உள்ளிட்ட எழுவான்கரைக் கடலோர ஊர்களை அழித்தபோது, வீட்டிலிருந்த ஏடும் தாளும் வட்டும் ஒருங்கே மறையக்கூடும் என்பது தெளிவாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களைத் திரட்டி வருகின்றது. அச்சு நூல் கிடைத்தால் ஒளிவருடலாம். அச்சேறாத கோயில் வரலாறும், ஊர்ச் சங்க அறிக்கையும், கூத்துப் பிரதியும் பாமினிக் கோப்பாக மட்டும் எஞ்சியிருப்பின், அவற்றைப் படிக்கத்தக்க கணினியும் எழுத்துருவும் இருக்குங்காலமே அவற்றின் ஆயுட்காலமாகும். நடராசாவும் கந்தையாவும் செல்லரிக்குமுன் ஏடுகளைத் தேடிச் சென்றனர். அவர்களுக்குப்பின் வருவோர் தேடிச் செல்லவேண்டியவை மேசைக்கடியிற் கிடக்கும் பழைய கணினிகளாகும்.