எலும்பும் இன்சுலினும்

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயரிலே, அந்நோயைக் கண்டவரின் கண் முதலில் எங்கே சென்று நின்றது என்பது புலனாகும். நெஞ்சிலே குடிகொள்ளும் சயரோகத்தைத் தமிழர் எலும்புருக்கி என்றனர்; நோயாளியின் மெலிவே அவர்கள் கண்ணிற் பட்டது. நீரிழிவுக்கோ, சலரோகம் எனவும் நீரிழிவு எனவும் நீரையே முன்வைத்துப் பெயரிட்டனர். மதுமேகம் என்ற வடசொல்லும் சிறுநீரின் இனிமையையே சுட்டுவது. இலங்கையின் ஊர்வழக்கில் அது சீனி வருத்தம். இப்பெயர்களுள் எதிலும் எலும்புக்கு இடமில்லை. மேனாட்டு வைத்தியமும் நெடுங்காலம் இவ்விடயத்திலே வேறுபட்டு நிற்கவில்லை. நீரிழிவு சதையியைச் சார்ந்த குறை. எலும்பு உடலைத் தாங்கும் தூண். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தூது விடக்கூடும் என்ற எண்ணம் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் ஆய்வுகூடங்களில் வலுப்பெற்றது. அவ்வெண்ணம் பிறந்த கதையும், பின்னர் அதன்மீது எழுந்த வழக்கும் நீரிழிவாளர் அறிந்திருக்க வேண்டியவை.

இன்சுலினின் வரலாற்றை நேயர்கள் பலர் அறிவர். 1869இல் பேர்லினில் மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ், சதையியினுள்ளே தீவுகள் போலச் சிதறிக் கிடந்த கலக்கூட்டங்களைக் கண்டார். அவற்றின் தொழில் இன்னதென்று அவர் அறிந்திலர். 1889இல் ஸ்ராஸ்பேர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அந்நாயை நீரிழிவு பற்றியது. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே பான்ரிங்கும் பெஸ்ரும் சதையியிலிருந்து சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில், உயிர் ஊசலாடிய 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அச்சாறு ஏற்றப்பட்டது. முதலாவது ஊசி பெரும்பயன் தரவில்லை. கொலிப் என்பவர் மேலும் தூய்மையாக்கிய சாறே சில நாட்களின் பின் அவனைத் தேற்றியது.

இதற்கு முன்பே, 1905இல், இலண்டனில் ஸ்ராலிங் என்னும் உடற்றொழிலியலறிஞர் ஓமோன் என்ற சொல்லை வழங்கியிருந்தார். ஓருறுப்பு குருதியிலே விடும் இரசாயனத் தூது தொலைவிலுள்ள வேறோருறுப்பைச் சென்று இயக்குமாயின் அதுவே ஓமோன். கபச்சுரப்பி, தைரொயிட்டு, சதையி என ஓமோன் சுரக்கும் உறுப்புகளின் வரிசை நீண்டது. எலும்பை அவ்வரிசையிலே சேர்க்க அன்று எவரும் எண்ணவில்லை. ஓமோன்களின் ஏவலைக் கேட்டு நடக்கும் உறுப்பாகவே அது கருதப்பட்டது.

ஆயினும் நீரிழிவு எலும்பைத் தொடாமல் விட்டதில்லை. இன்சுலின் வந்து சில ஆண்டுகளிலேயே, 1927இல், நீரிழிவுற்ற சிறுவரின் எலும்பு வளர்ச்சியை அமெரிக்க வைத்தியர் எக்ஸ் கதிர்ப் படங்களால் ஆராய்ந்து எழுதினர். முதலாம் வகை நீரிழிவு உள்ளோருக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு ஏனையோரைக் காட்டிலும் பன்மடங்கு என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. இரண்டாம் வகையினரின் நிலையோ வியப்புக்குரியது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி அவர்களின் எலும்பு நன்றாயிருக்கிறதென்றே சொல்லும். சில வேளை பிறரினும் அடர்த்தி கூடியிருக்கும். அவ்வாறிருந்தும் அவ்வெலும்பு எளிதில் முறியும்.

எலும்பு தூது விடுகிறது என்ற எண்ணமோ நீரிழிவு ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததன்று. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் ஒரு கோழிக்கூட்டை அடைவோம். 1929இல் கொப்பன்ஹேகன் நகரில் ஹென்றிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய உணவைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டி வந்தார். குஞ்சுகளின் தோலின் கீழும் தசையினுள்ளும் குருதி கசிந்தது. கசிந்த குருதி உறையவில்லை. குருதியை உறையச் செய்யும் ஏதோ ஒரு பொருள் அவ்வுணவிலே குறைந்திருந்தது. 1935இல் அதற்கு விற்றமின் கே எனப் பெயரிட்டார். உறைதல் என்பதைக் குறிக்கும் டேனிய மொழிச் சொல்லின் முதலெழுத்தே அந்தக் கே. 1943ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

அவ்விற்றமின் எவ்வாறு தொழிற்படுகிறது என்பது 1974 வரை விளங்கவில்லை. குருதியை உறைவிக்கும் புரதங்களில் உள்ள குளுத்தாமிக் அமிலத்தின்மீது அது மேலும் ஓர் அமிலக் கூட்டத்தை ஏற்றுகிறதென்றும், அதனால் அப்புரதம் கல்சியத்தைப் பற்றும் வலிமை பெறுகிறதென்றும் அவ்வாண்டிலே தெரியவந்தது. கல்சியத்தைப் பற்றும் கொக்கி குருதியில் இருக்குமாயின் கல்சியத்தின் களஞ்சியமாகிய எலும்பில் இராதோ? அடுத்த ஆண்டே பொஸ்ரன் நகரில் ஹௌஷ்கா, லியன், கலொப் ஆகிய மூவரும் அதே கொக்கியைக் கோழிக்குஞ்சின் எலும்பிற் கண்டனர். 1976இல் கலிபோர்ணியாவில் பிரைஸ் என்பவர் கன்றின் எலும்பிலிருந்து அப்புரதத்தைப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டார். 49 அமினோ அமிலங்களாலான சிறு புரதம் அது. மூன்றிடங்களிலே அக்கொக்கி அமைந்திருந்தது. ஒஸ்ரியோகல்சின் என்பது அதன் பெயர். எலும்பை ஆக்கும் கலங்களே அதைச் சுரக்கின்றன. அதிற் பெரும்பகுதி எலும்பிற் படிய, ஒரு பகுதி குருதியிற் கலக்கிறது. எலும்பு எவ்வளவு ஊக்கமாக ஆக்கப்படுகிறது என்பதை அறிய வைத்தியர் அதனைக் குருதியில் அளக்கலாயினர். அதற்கு மேல் அதனிடம் எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

1996இல் ஹூஸ்ரன் நகரில் பட்ரிசியா டியூசி, பிரான்சிலே பிறந்த ஜெரார் கார்சென்ரி ஆகியோர் ஒஸ்ரியோகல்சினுக்குரிய பரம்பரையலகுகளை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினர். புரதம் இன்றேல் எலும்பு நலியும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ மறுதலை: எலும்பு பெருத்தது. அன்றியும் அச்சுண்டெலிகளின் வயிற்றகத்தே கொழுப்பும் மிகுந்திருந்தது. எலும்பின் புரதத்துக்கும் வயிற்றின் கொழுப்புக்கும் என்ன உறவு? பலர் புறக்கணித்திருக்கக்கூடிய அவ்வற்பக் குறிப்பை அவர்கள் விடவில்லை. 2000ஆம் ஆண்டில், கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்ரின் என்னும் ஓமோன் மூளை வழியாக எலும்பின் ஆக்கத்தை அடக்குகிறதென்று காட்டினர். கொழுப்பிலிருந்து எலும்புக்குச் செய்தி செல்கிறதாயின் எலும்பிலிருந்தும் மறுசெய்தி வருதல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

2007இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலிருந்து அம்மறுசெய்தி அறிவிக்கப்பட்டது. ஒஸ்ரியோகல்சின் அற்ற சுண்டெலிகளின் குருதியில் வெல்லம் ஏறியும் இன்சுலின் குறைந்தும் இருந்தன. ஒஸ்ரியோகல்சினின் செயல் மிகுந்த வேறொரு சுண்டெலி வம்சத்தில் இதற்கு எதிர்மாறான நிலை காணப்பட்டது. எலும்பை ஆக்கும் கலங்களைச் சதையித் தீவுகளோடு ஒரே கிண்ணத்தில் வளர்த்தபோது தீவுகள் இன்சுலினைக் கூடுதலாக ஆக்கின. கொக்கிகள் முற்றும் ஏறாத ஒஸ்ரியோகல்சினே இதைச் செய்கிறதென அவர்கள் கூறினர். எலும்பைப் பற்றமாட்டாத வடிவமே குருதியிலே தூது செல்லத் தக்கது என்பது பொருத்தமாகவே தோன்றியது. 2010இல் கார்சென்ரி குழுவினரும் பால்ரிமோரிலே கிளெமென்ஸ் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுகள் வட்டத்தைப் பூர்த்தியாக்கின. இன்சுலின் எலும்பை ஆக்கும் கலங்களைத் தூண்ட, அதன் விளைவாக எலும்பை அரிக்கும் கலங்கள் ஊக்கம் பெறுகின்றன. அரிக்குமிடத்திலே சுரக்கும் அமிலம் ஒஸ்ரியோகல்சினின் கொக்கியைக் கழற்றி அதைக் குருதிக்குள் விடுகிறது. அது சென்று மேலும் இன்சுலினைத் தூண்டுகிறது. கேட்பவரை மயக்கும் அழகு இவ்விளக்கத்துக்கு உண்டு. அவ்வழகே எச்சரிக்கைக்கும் உரியது.

சுண்டெலி மனிதன் ஆகாது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரின் குருதியில் ஒஸ்ரியோகல்சின் குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டன என்பது மெய்யே. ஆனால் குறைந்ததனால் நோய் வந்ததோ, நோய் வந்ததனாற் குறைந்ததோ? நீடித்த நீரிழிவு எலும்பாக்கத்தையே மந்தப்படுத்துவதால் பின்னையதும் நிகழத்தக்கதே. விற்றமின் கே பற்றிய ஆய்வொன்றும் எதிர்ச்சாட்சி சொல்லிற்று. அவ்விற்றமின் கூடினால் கொக்கியற்ற வடிவம் குறையும். இன்சுலினின் ஆற்றலும் குன்றவேண்டும். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ, மூன்றாண்டுகள் விற்றமின் கே உண்ட முதிய ஆண்களிடம் இன்சுலினின் ஆற்றல் குன்றுவது மட்டுப்பட்டது.

பெரிய அடி 2020இல் விழுந்தது. அமெரிக்காவில் ஒரு குழுவினரும் யப்பானின் நாகசாகியிலே கொமோரி குழுவினரும் தனித்தனியே புதிதாக ஒஸ்ரியோகல்சின் அற்ற சுண்டெலிகளை உருவாக்கி, முடிவுகளை ஒரே காலத்தில் வெளியிட்டனர். இரண்டிடத்திலும் குருதி வெல்லம் இயல்பாகவே இருந்தது. 1996இல் கண்ட எலும்புப் பெருக்கமும் காணப்படவில்லை. பழைய சுண்டெலிகளில் அயலிலுள்ள பரம்பரையலகுகளும் பழுதுற்றனவோ, வம்சமும் உணவும் வேறுபட்டமையோ காரணம் என்று வாதங்கள் எழுந்தன. கார்சென்ரி தம் கொள்கையைக் கைவிடவில்லை. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆதலால் எலும்பின் ஓமோனை நீரிழிவுக்கு மருந்தெனக் கொள்வதற்கு இடமில்லை. அப்பெயரைச் சொல்லி விற்கப்படும் எதனையும் நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

எலும்புக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு இவ்வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ரோசிக்கிளித்தசோன் என்ற நீரிழிவு மாத்திரையைப் பல்லாண்டு சோதித்த பேராய்வின் முடிவுகள் 2006இன் இறுதியில் வெளிவந்தன. குருதி வெல்லத்தை அது நன்றாகவே கட்டுப்படுத்தியது. ஆயின் அதை உண்ட பெண்களிடையே கையெலும்பும் பாதத்தெலும்பும் முறிவது மிகுந்தது. வெல்லத்தை மட்டும் பார்த்திருந்த வைத்தியம் எலும்பையும் பார்க்க வேண்டியதாயிற்று.

நாகசாகியின் சுண்டெலிகளில் வேறொன்றும் வெளிப்பட்டது. அவற்றின் எலும்பு அளவிற் குறையவில்லை. ஆயினும் எலும்பினுள்ளே கனிப்பொருட் பளிங்குகள் ஒரு திசையில் ஒழுங்காக அடுக்கப்படாமையால் அவ்வெலும்பு வலிமை குன்றியிருந்தது. அளவுக்கருவி நலமென்று சொல்லியும் நீரிழிவாளரின் எலும்பு முறிவது ஏன் என்று தேடுவோருக்கு, ஒஸ்ரியோகல்சின் இவ்வழியிலும் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது.