பட்டமும் முச்சையும்

டென்மார்க்கின் ஃபானோ தீவுக் கடற்கரையில் 1985இல் தொடங்கிய சர்வதேசப் பட்டக்காரர் சந்திப்பில் விலையுயர்ந்த நைலோன் பட்டங்கள் நிமிர்ந்து நிற்கும். கடையில் வாங்கும் மலிவான பிளாஸ்ரிக் பட்டமோ பெரும்பாலும் சுழன்று விழும். காரணம் என்ன? அதன் தடிகள் இருபுறமும் ஒரேயளவாய் வளைவதில்லை. காற்றில் தாள் இழுபடும். முச்சையும் சரிவர அமையாது.

அமெரிக்கரான வில்லியம் எடி மலாய்ப் பட்டத்தைப் பின்பற்றி, குறுக்குத்தடியை வில்லாய் வளைத்து வாலில்லாப் பட்டம் செய்தார். 1894இல் புளூ ஹில் ஆய்வகம் அத்தகைய பட்டங்களால் வெப்பமானியை வானில் ஏற்றியது. ஆசியக் கைகள் முன்னரே அறிந்த வித்தை அது!

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டங்களும் மூங்கில் சீவி, நிறை பார்த்து, முச்சை கட்டியவையே. நயம் விலையிலன்று, சமநிலையிலேயே உண்டு.

பெற்றோரே, பிள்ளைகளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுப்பதோடு நில்லாது, கட்டவும் பழக்குவோமாக. அறிந்தவர் மறைந்தபின் அக்கைப்பழக்கம் எந்தக் கடையிலும் கிடையாது.