ஓட்டும் மனுவும்: ஜார்ஜ்டவுன் நகராட்சி வரலாற்றில் மக்களின் பங்கு

பினாங்குத் தீவில் வீடோ கடையோ வைத்திருக்கும் நம் குடும்பங்கள் ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி செலுத்துகின்றன. அந்தப் பணத்தைச் செலவிடும் மன்றத்தில் யார் அமர்வது என்பதை வாக்களித்து முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. நகரை ஆளும் முறை மாறியபோதெல்லாம் மக்கள் அதில் பங்கெடுத்த விதமும் மாறியது. நம்முடையதைப் போன்ற சங்கங்களுக்கு நகராட்சி அலுவலகத்தில் ஏன் இத்தனை வேலை என்பதையும் இந்த வரலாறே விளக்குகிறது.

ஜார்ஜ்டவுனில் 1800ஆம் ஆண்டிலேயே வரி மதிப்பிடும் குழு ஒன்றை ஆங்கிலேயர் அமைத்தனர். அடுத்த ஆண்டு கப்பித்தான் காதிர் முகைதீன் காலத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. ஆக, நகராட்சியும் நம் மக்களின் ஜமாஅத் வாழ்வும் இந்த நகரில் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. 1856ஆம் ஆண்டுச் சட்டம் நகராண்மை ஆணையர்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வரி செலுத்துவோருக்குக் கொடுத்தது. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரி கட்டியவர்களுக்குத்தான் அந்த ஓட்டு. கூலிக்கு வேலை செய்தவருக்கும், படகு தள்ளியவருக்கும், கடையில் சம்பளத்துக்கு நின்றவருக்கும் அதில் இடமில்லை. 1913ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டம் அந்தக் குறுகிய ஓட்டையும் எடுத்துவிட்டது. அதன் பிறகு ஆணையர்கள் அனைவரும் நியமனம் பெற்றவர்களே.

நியமன முறையில் ஒரு சமூகத்தின் குரல், அந்தச் சமூகத்தில் அரசாங்கம் அறிந்த சிலரின் குரலாகவே இருக்கும். பள்ளிவாசல் சொத்து விஷயத்திலும் இதையே கண்டோம். 1905ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்கீழ் முஸ்லிம், இந்து அறநிலைய வாரியம் அமைக்கப்பட்டு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வக்ஃபு நிலங்கள் அதன் பொறுப்புக்குச் சென்றன. நிர்வாகத்தில் ஒழுங்கு வந்தது. அதே நேரத்தில், முடிவெடுக்கும் இடம் ஜமாஅத்தின் மஷ்வராவிலிருந்து வாரியத்தின் மேசைக்கு மாறியது. கருத்துச் சொல்ல விரும்பியவருக்கு இருந்த வழி மனு எழுதுவது மட்டுமே.

1951 டிசம்பர் 1ஆம் நாள் நிலைமை மாறியது. மலாயாவின் முதல் தேர்தல் அன்றுதான், ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்காக நடைபெற்றது. நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது அது. பதினைந்து உறுப்பினர்களில் ஒன்பது பேரை மக்கள் தேர்ந்தெடுத்தனர். சில ஆண்டுகளில் எல்லா இடங்களும் தேர்தலுக்கு வந்தன. 1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர் ஆனது. மன்றத்தில் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றபோது, பள்ளி ஆசிரியராக இருந்த டி.எஸ். இராமநாதன் மேயரானார். அவர் பெயரில் இன்றும் பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது.

அந்த மாநகர மன்றம் குப்பை அள்ளுவதோடு நின்றுவிடவில்லை. மின்சாரம், தண்ணீர், பேருந்து எல்லாம் அதன் கையில் இருந்தன. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு அதன் காலத்தில், 1962இல், கட்டி முடிக்கப்பட்டது. தண்ணீர் வரவில்லை என்றாலும் பேருந்துக் கட்டணம் ஏறினாலும், யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். கேட்டு நடக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் பதில் சொல்லலாம். எந்தச் சங்கத்திலும் சேராதவருக்கும் ஓட்டு ஒன்றுதான், பெரிய வணிகருக்கும் ஒன்றுதான். குறைகளும் இருந்தன. குடியுரிமை எடுக்காமல் ஊருக்கும் பினாங்குக்குமாகப் போய்வந்து கொண்டிருந்தவர்கள் அந்த ஓட்டின் பயனை அடையவில்லை. கட்சிச் சண்டை மன்றத்துக்குள் புகுந்தது. நிர்வாகத்தின் மீது புகார்களும் எழுந்தன.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, உள்ளாட்சித் தேர்தல்கள் நாடெங்கும் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜார்ஜ்டவுன் மாநகர மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. இதே காலத்தில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. உள்ளாட்சி மன்றங்களின் குறைகளை விரிவாக ஆராய்ந்த ஆணையம், 1968இல் முடித்த தன் அறிக்கையில், தேர்தல் முறை தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை வந்தது.

அதே 1976இல் இன்னொரு சட்டமும் வந்தது: நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். ஒரு வட்டாரத்தின் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு சட்டம் ஓட்டை எடுத்தது. மற்றொன்று எழுத்தில் ஆட்சேபிக்கும் வழியைத் தந்தது. நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளும் இந்த இரண்டு சட்டங்களின் நிழலில்தான் கழிந்திருக்கின்றன.

அண்டை நகரான சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. அங்கே 1957 டிசம்பரில் மாநகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் தன்னாட்சி வந்தபின் மன்றம் கலைக்கப்பட்டு, அதன் வேலைகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகர மன்றங்கள் பிறந்தன. வீடமைப்புப் பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிக்கும் இம்மன்றங்களை நாடாளுமன்ற உறுப்பினர்களே வழிநடத்துகின்றனர். ஆகவே அங்கே மின்தூக்கி பழுதானாலும் கேள்வி கேட்க, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் இருக்கிறார். ஆனால் நகர விஷயத்துக்கென்று தனி ஓட்டு இல்லை; நாட்டு அரசியலுக்கும் அதற்கும் ஒரே ஓட்டு.

பினாங்கில் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. மாநிலச் சட்டமன்றம் 2012இல் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் தீவு முழுவதும் ஒரே மாநகராட்சியாகி மீண்டும் மேயர் வந்தார். அவரும் நியமனம் பெற்றவரே.

தேர்தல் போனதால் மக்களின் ஈடுபாடு முழுவதும் அற்றுவிடவில்லை. அது சங்கங்களின் வழியாக ஓடத் தொடங்கியது. சாலை விளக்கு, வடிகால், அங்காடி உரிமம், நோன்புக் காலக் கடைகள் என்று எதுவானாலும் தலைப்புத்தாளும் முத்திரையும் உள்ள சங்கத்தின் கடிதத்துக்குக் கிடைக்கும் மதிப்பு தனி மனிதரின் கடிதத்துக்குக் கிடைப்பதில்லை. இதில் நமக்குப் பெருமை உண்டு. அதைவிடப் பெரிய பொறுப்பும் உண்டு. ஓட்டு இருந்த காலத்தில் சங்கத்துக்கு வெளியே இருந்தவருக்கும் கணக்கில் இடமிருந்தது. இன்று உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், வாடகை வீட்டில் தனியே இருக்கும் விதவைத் தாய், சந்தா கட்ட வசதியில்லாத குடும்பம் ஆகியோருக்காக யார் கடிதம் எழுதுகிறார்கள்? உறுப்பினர்களுக்காக மட்டும் பேசும் சங்கம், அன்றைய வரி அளவுகோலைப்போல இன்னொரு வேலியாகிவிடும்.

இளையவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். உங்கள் வட்டாரத்துக்கான திட்ட வரைவு வெளியானால் படித்து, காலக்கெடுவுக்குள் கருத்தை எழுதிக் கொடுங்கள். மதிப்பீட்டு வரி அறிவிப்பில் தவறு இருந்தால் ஆட்சேபனை செய்யுங்கள். சங்கத்தின் சார்பில் மனு எழுதும்போது, அந்தத் தெருவில் வசிக்கும் பிற இனத்தவரையும் கேட்டு எழுதுங்கள். பொது விஷயத்தில் பேசும் உரிமை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். ஓட்டு மீண்டும் வரும் நாளிலும் வராத நாளிலும் அதைப் பேணுவது நம் கடமை.